களா இல்லாத மருந்து

எனக்கு அண்ணன் முறையான அடுத்த காணி நானா நம் வீட்டுக் கேட்டடியில் நின்று இரண்டு தரம் ஸலாம் சொன்னால், முந்தின நாள் அவர் நம்மைச் சந்திக்கவில்லை என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஸலாம் இன்றைக்கு. மற்றது நேற்று விடுபட்டதற்கு.

ஒரு தடவை கல்யாண வேலையாகக் கனமூலைக்குத் தன் மூத்த சகோதரி வீட்டுக்குப் போய்க் கன நாள் தங்கிவிட்டு வந்தார். வந்த அன்று பின்நேரம் கேட்டடியில் நின்று ஸலாம் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. உள்ளே இருந்த உங்கள் உம்மா ஒரு கூட்டமே வந்திருக்கிறது என்று நினைத்து, தலையை மூடிக்கொண்டு, பெரிய கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டார். நான் வெளியே போய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னேன். அவர் விடவில்லை.

"ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பதில் தாங்க தம்பி. இல்லாட்டி மத்தது அந்தரத்துல நிக்கும்."

நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் விரல் மடித்து எண்ணினார். பகிடிக்கு எண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் மிகச் சின்ன வயதில்தான் அவரைக் கண்டிருக்கிறீர்கள். பிறகு அந்தக் குடும்பம் குறிஞ்சிப்பிட்டியை விட்டுப் போய்விட்டது. உங்களுக்கு அவர் ஞாபகம் இருக்காது. அடுத்த கிழமை மகளுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்து தொடங்கப் போகிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் எழும்பி ஓடிவிடுவீர்கள். அவருடைய பெயரை எழுதவில்லை. சொந்தக்காரர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியும், நோன்பு மாதத்தில் வருத்தத்தாலோ பயணத்தாலோ ஒரு நோன்பு விடுபட்டால், பிறகு வேறொரு நாளில் அதைப் பிடித்து ஈடு செய்ய வேண்டும். தூக்கத்தில் ஒரு தொழுகை தவறிப்போனால் விழித்ததும் தொழ வேண்டும். அதைத்தான் களாச் செய்வது என்கிறோம். மார்க்கம் அதை இப்படியானவற்றுக்குத்தான் வைத்தது. நானா அதை எல்லாவற்றுக்கும் வைத்தார்.

காலையில் தேத்தண்ணி குடிக்க மறந்தால் பின்நேரம் இரண்டு கோப்பை குடிப்பார். ஒரு நாள் நித்திரை குறைந்தால் அடுத்த நாள் அந்த அளவுக்குக் கணக்காகப் படுப்பார். எழுதி வைப்பதெல்லாம் கிடையாது. விடுபட்டது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா முறையாக ராத்தா என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள் உங்கள் உம்மாவிடம் சொன்னார்: "இந்த மனிசன் ரெண்டு மூணு நாள் என்ன ஏசாம இருந்தா எனக்குச் சந்தோசமில்ல புள்ள, பயம். எல்லாம் சேந்து ஒரு நாளைக்கு வரும்."

அவருடைய மிளகாய்ப் பாத்தி நம் வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு போகத்தில் பசளை கிடைக்கப் பிந்தியது. ஒரு தடவை போட வேண்டியது தவறி, அடுத்த தடவைக்கான நேரமும் வந்துவிட்டது. பசளை வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் போட்டார். செடி தாங்காது என்று நான் வேலியில் நின்று சொன்னேன். விட்டதைக் கொடுக்காமல் வளர்த்தால் அது குறையோடு காய்க்கும் என்றார். சில நாளில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பிறகு கொதிதண்ணீர் ஊற்றியதுபோலப் பாத்தி முழுக்கச் சாய்ந்தது. ராத்தா பாத்திக்கு நடுவில் குந்தியிருந்து அழுதார். நானா கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்ட பங்கச் செஞ்சிட்டன்" என்றார்.

செடியிடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

இனி அவருடைய வருத்தத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு முட்டு இருந்தது. மகளுக்கு வருகிற அதே மூச்சு முட்டுத்தான். இளவயதில் அவர்தான் நம் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர். தன்னுடைய பாங்கு களப்புத் தண்ணீருக்கு மேலால் போய் அக்கரையில் உச்சமுனையில் கேட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். உச்சமுனைப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஒருவர், அங்கே கேட்டது காற்றுத்தான் என்று சொல்லி அவரைச் சீண்டுவார். எது எப்படியோ, நல்ல குரல். எனக்குத் தெரியும்.

முட்டு முற்றிக்கொண்டு வந்த காலத்தில், ஒரு நாள் விடியற்காலை சுபஹ் நேரம், ஒலிபெருக்கியில் பாங்கு நடுவில் நின்றது. இருமல் வந்தது. பிறகு இருமலும் நின்று, அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஓட்டை விழுந்த துருத்தி போல, சீழ்க்கையோடு ஒரு இழுவை. ஊர் முழுக்கப் படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டது. யாரோ ஓடிப்போய் ஒலிபெருக்கியை அணைக்கும் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பாங்கு சொல்லவில்லை. பள்ளியில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகத்தான் நின்றுகொண்டார். ஆனால் விடுபட்ட ஒவ்வொரு பாங்கையும் எண்ணிக்கொண்டிருந்தார். சுகமானதும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக மௌலவியிடம் சொல்லியிருக்கிறார். பாங்குக்கு அப்படியெல்லாம் ஈடு கிடையாது, வேறொருவர் சொன்னால் அந்த நேரத்துக் கடமை முடிந்தது என்று மௌலவி விளக்கினாராம். "அது அவர்ட கடமை முடிஞ்சிது. என்ட?" என்று நானா கேட்டாராம்.

புத்தளம் டவுனுக்கு ஒவ்வாமை பார்க்கிற டொக்டர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் வருவதாக அறிந்து, வெங்காயம் ஏற்றிப் போகிற என் சின்ன லொறியில் நான்தான் அவரையும் ராத்தாவையும் கூட்டிப்போனேன். டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். இளம் வயது. நானாவின் முன்கையில் சில மருந்துகளைத் துளித்துளியாக வைத்து, ஒவ்வொன்றையும் ஊசி நுனியால் லேசாகக் கீறினார். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் நுளம்பு கடித்ததுபோல வீங்கி வந்தது. வீட்டுத் தூசியில், மெத்தையில், தலையணையில், கம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிற ஒரு சிறு பூச்சி. அதுதான் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டொக்டர். ராத்தாவுக்கு ரோசம் வந்துவிட்டது. என் வீட்டில் பூச்சியா என்று வீடு வரும் வரைக்கும் கதைத்தார். அடுத்த நாள் வீட்டிலுள்ள விரிப்பு, உறை எல்லாம் கொதிதண்ணீரில் அவிந்து றோட்டுப் பக்கத்து வேலியில் கிடந்தன. டொக்டர் அந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டுமாம்.

மருந்தைப் பற்றி டொக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் மகளுக்கும் இதுதான். உடம்பு எதைப் பகை என்று நினைத்துக் கொந்தளிக்கிறதோ, அதையே மிக மிகக் கொஞ்சமாக உடம்புக்குக் காட்டிக் காட்டிப் பழக்குவது. முன்பு இதை ஊசியாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு நாக்குக்கு அடியில் வைக்கிற துளியாக்கினார்கள். அங்கே தோல் மெல்லியது. வீட்டிலேயே எடுக்கலாம். இன்னும் பத்திரமாக, இன்னும் குறைந்த காலத்தில் எப்படிக் கொடுக்கலாம் என்று உலகத்தில் பல இடங்களில் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள் என்றார். முதல் போத்தல் மிகவும் நீர்த்தது. அடுத்தடுத்த போத்தல் கடுமை கூடியது. புதுப் போத்தலின் முதல் துளியை டொக்டருக்கு முன்னால் எடுத்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் வர வேண்டும். பிறகு தினமும் காலையில் வீட்டில். துளியை நாக்குக்கு அடியில் இரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். சில வருடம் விடாமல் எடுக்க வேண்டும்.

விதிகளும் சொன்னார். வாயில் புண் இருந்தால் எடுக்கக் கூடாது. நெஞ்சு இழுக்கிற நாளில் எடுக்கக் கூடாது. கன நாள் விடுபட்டால் திரும்பத் தொடங்காமல் தன்னிடம் வர வேண்டும்.

"ஒரு நாள் தவறினா அதை விட்டுடுங்கோ. அடுத்த நாள் ரெண்டு மடங்கு எடுக்கக் கூடாது. விளங்குதோ ஐயா?"

நானா ஓம் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார்.

அவரைவிட ஒழுங்காக அந்த மருந்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். போத்தல் பிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் கதிரையைச் சுவர் மணிக்கூட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, துளியை வைத்து, வாயை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீடு எரிந்தாலும் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் காலை நான் போயிருந்தபோது ராத்தா கேட்டார்: "தம்பி, இத நாள் முழுக்க வச்சிருக்கிற மாதிரிச் செய்ய ஏலாதா எண்டு அந்த டொக்டரட்டக் கேளுங்களேன்." நானா வாயை மூடியபடியே முறைத்தார்.

மாதங்கள் போக, ஆளே மாறினார். கிணற்றடியிலிருந்து மோட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் நடந்தார். முட்டுக்கு வாய்க்குள் அடிக்கிற பம்ப் குறைந்தது. ஒருநாள் பின்நேரம் அசர் தொழுகைக்கு பாங்கு கேட்டு நான் மோட்டரை நிறுத்தினேன். அவர்தான். நடுவில் அறாமல், இழுவை இல்லாமல், முடியும் வரைக்கும் சொன்னார். தொழுகை முடிந்து வெளியே வந்தவரின் கையைப் பிடித்து நான் சந்தோசம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தார்.

"ஒண்டு முடிஞ்சிது" என்றார்.



அந்த நேரத்தில்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பழுதாகிப் பிடுங்க வேண்டி வந்தது. டொக்டரிடம் கேட்டபோது, வாய் ஆறும் வரை துளியை நிறுத்துங்கள், ஆறியதும் தொடங்காமல் என்னிடம் வாருங்கள் என்றார். பல் பிடுங்கிய இடம் ஆறுவதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. பெருநாள் கழியட்டும், போகலாம் என்றார் நானா. பள்ளிக் கம்பளத்தில் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுது தொழுது நெஞ்சு பழையபடி இழுக்கத் தொடங்கியது. அதனால் சில நோன்புகளும் விடுபட்டன. பெருநாள் முடிந்து நான் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். லொறி சும்மாதான் போகிறது, வாருங்கள், டொக்டரைப் பார்ப்போம் என்றேன்.

"விட்டதக் கட்டிட்டுத்தான் போவன் தம்பி. குறையோட போய் அந்தப் புள்ளைக்கு முன்னால எப்பிடி நிக்கிற?"

நோன்பைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பெருநாள் மாதத்தில் ஊரில் பாதிப் பேர் விடுபட்ட நோன்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா. அவரும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் களா நோன்பு திறக்க என்னைக் கூப்பிட்டார். ஈச்சம்பழம், கஞ்சி, ராத்தா சுட்ட வடை. நோன்பு திறந்தோம். மஃரிப் தொழுதோம். அவருடைய மூச்சில் மெல்லிய சீழ்க்கை இருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நீண்ட வேலை ஒன்றை முடிக்கப் போகிற ஆளைப் போல. எழும்பி உள்ளே போனார். நான் உங்கள் உம்மாவுக்குக் கொண்டுபோக வடையைக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கதிரையை மணிக்கூட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. கையில் ஒரு சாப்பாட்டுக் கரண்டி.

என்ன நானா என்றேன். ஒரு விரலைத் தூக்கிப் பொறுங்கள் என்று காட்டினார்.

தேத்தண்ணியோடு வந்த ராத்தா மேசையைப் பார்த்தார். போத்தல் மூடி கழன்று கிடந்தது. போத்தல் வெறுமை. ராத்தா அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். "இதுல பாதிக்கு மேல இருந்திச்சே தம்பி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பல் பிடுங்கிய நாளிலிருந்து அன்றுவரை விடுபட்ட துளிகள் எல்லாம் அவருடைய நாக்குக்கு அடியில் இருந்தன.

துப்பச் சொன்னேன். ராத்தா தோளைப் பிடித்து உலுக்கித் துப்பச் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. டொக்டர் சொன்ன நேரம் முழுவதும் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

"எல்லாம் முடிஞ்சிது. இனி ஒண்டும் நிலுவையில்ல."

அதைச் சொல்லும்போதே உதட்டைத் தேய்த்தார். பிறகு உள்ளங்கையைச் சொறிந்தார், காதைச் சொறிந்தார். தொண்டைக்குள் என்னவோ தடிக்கிறது என்று சொல்ல வந்தார், சொல் குழறியது. ராத்தா பம்பைக் கொண்டுவந்து அடித்தார், திரும்பவும் அடித்தார். கண் இமை வீங்கி மூடிக்கொண்டு வந்தது. நான் லொறியை எடுத்தேன்.

எனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் அவரை இருத்தி ஓட்டினேன். அந்த இழுவை லொறிச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. ஒலிபெருக்கியில் கேட்ட அதே சத்தம். வழியில் அது குறைந்துகொண்டு வந்தது. "கொஞ்சம் சொகம் போல இரிக்கி" என்றார் ராத்தா. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் நான் அவருடைய உதட்டைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. மூச்சு உள்ளே போகாததால்தான் சத்தம் இல்லை.  மிதிக்க முடிந்த மட்டும் மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சாரத்தை விலக்கித் தொடையில் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தாதி ஒருவர் சொல்லத் தொடங்கி, ராத்தாவின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். பிழைத்துக்கொண்டார்.

எழும்பி நடக்க முடிந்ததும் டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

"ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்? நான் அப்பவே சொன்னனான் எல்லோ?"

"நீங்க ரெண்டு மடங்கு எடுக்க வேணாம் எண்டு சொன்னீங்க. நான் ரெண்டு மடங்கு எடுக்கல்ல மகள். விட்டத மட்டும்தான் எடுத்தன்."

டொக்டருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். களா என்றால் என்ன என்று நான் சொன்னேன். நோன்பைச் சொன்னேன், தொழுகையைச் சொன்னேன், பிறகு ஸலாமையும் பசளையையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்தார். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களை ஒரு தரம் பார்த்தார். அவர்களில் பெரும்பாலானவர்கள் நம்மவர்கள்தான்.

"இதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மருந்து கொடுக்கிற முறையையே மாற்றினார் என்று கேள்விப்பட்டேன். நோன்பு வருமுன் எல்லோரையும் கூப்பிட்டு, துளியை நோன்பு திறந்த பிறகு எந்த நேரத்தில் எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். களா என்ற சொல்லை அவரே வாயால் சொல்லி, இந்த மருந்துக்கு அது கிடையாது என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லவைத்தார். ஊற்றக்கூடிய போத்தலை நிறுத்தி, தலையை அழுத்தினால் ஒரு அளவு மட்டும் வருகிற போத்தலை எடுப்பித்தார். மகளுக்குத் தரப்போவதும் அப்படியானதுதான்.

நானாவுக்கு உடனே திரும்பத் தொடங்கவில்லை. நெஞ்சு முழுதாகச் சுகமாக வேண்டும் என்று பல மாதம் பம்ப் மருந்திலேயே வைத்திருந்தார். பிறகு, தொடங்குவதானால் முதல் போத்தலிலிருந்து, ஆகக் குறைந்த அளவிலிருந்து என்றார்.

"அப்ப நான் இவ்வளவு காலம் எடுத்தது?"

"அது கணக்கில இல்லை ஐயா. புதுசாத்தான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் அவரை அப்படிக் காணவில்லை. முகம் சாம்பல் பூத்துப்போனது.  ஆனால் தொடங்கினார். பாங்கு சொல்ல வேண்டும் என்ற ஆசை அவரை அந்தக் கதிரையில் திரும்ப உட்காரவைத்தது. ராத்தா மட்டும் இந்த முறை பகிடி விடவில்லை. அவர் மருந்து எடுக்கும்போது அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக் கதவில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு நாள் கனமூலையில் இருக்கிற நானாவின் சகோதரிக்கு வருத்தம் கடுமை என்று போன் கோல் வந்து நானாவும் ராத்தாவும் அவசரமாகப் போனார்கள். போத்தல் இங்கே தங்கிவிட்டது. அன்றைய துளி விடுபட்டது. அடுத்த நாள் காலை அவர் மட்டும் திரும்பி வந்தார். மிளகாய்க்குத் தண்ணீர் கட்ட வேண்டும், ராத்தா அங்கேயே நின்றுவிட்டார். வீட்டுக்குள் போன கையோடு போத்தலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தரம் அழுத்தினார். இரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்கினார். பிறகு போத்தலை என் கையில் வைத்தார். 

"வச்சிக்கோங்க தம்பி. ஊட்டுல நான் தனிய."

நான் அதை நம் பிரிட்ஜுக்குள் பின்பக்கமாக வைத்தேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். சும்மா வந்ததாகச் சொன்னார். அசருக்குப் பிறகும் வந்தார். மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தோம், குடிக்கவில்லை. உங்கள் உம்மா மகனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் எழும்பிப் பிரிட்ஜ் கதவில் முதுகை வைத்து நின்றேன்.

"நாளைக்கு எனக்கு எத்தன தருவீங்க தம்பி?"

"ஒண்டு நானா."

"ஒண்டுதானா?"

"ஒண்டுதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. பிள்ளை ஒன்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்ப நேத்தையது எங்க போகும்?"

  அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை, நான் கதவை விட்டு விலகவில்லை. மகள், அப்போது நீ அறைக்குள்ளிருந்து ஓடிவந்து, என் சாரத்தைப் பிடித்து இழுத்துக் குளிர்தண்ணீர் கேட்டாய். கேட்டுக் கேட்டு அழுதாய். நான் திறக்கவில்லை.